திருப்பி வாங்கிய தொப்பிகள்

ஜனவரி 22, திங்கள்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. தேர்தல் வேலைக்குப் போகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆரணி சொல்லிவிட்டார். அவர் வக்கீல், முதலாளியின் மகள், அப்பாவுக்குத் தேர்தல் முகவரும் அவரே. நேரம், வேலை, பொருள் என்று மூன்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்றை மட்டும் எழுதினால் முக்கால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. காலி இடம் எனக்குப் பிடிக்காது.

இன்று: 2 மணி 10 நிமிடம். துண்டறிக்கை மடித்தல். பொருள் இல்லை.

இங்கிலாந்தின் லெஸ்டரில் பின்னலாடை ஆலை வைத்திருக்கும் ஒரு மனிதர் ஐம்பத்தொன்பது வயதில் எந்தக் கட்சியும் இல்லாமல் நகரசபை இடைத்தேர்தலில் நிற்கிறார். பெயர் நல்லைநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரர்களுக்கு மிஸ்டர் நாதன், எங்களுக்கு ஐயா. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் யாருடைய ஆலையிலோ காலுறை மெஷின் ஓட்டினார். இன்று பதினாறு மெஷின், நாற்பத்திரண்டு தொழிலாளர்கள். இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பின்னிய ஸ்வெட்டரில்தான் மூக்கைத் துடைக்கிறார்கள். இவருக்கு எதற்கு அரசியல்?

பஸ்ஸுக்காக. மில்பிரிட்ஜ் குடியிருப்பிலிருந்து ஆலை வாசலுக்கு வந்துகொண்டிருந்த 47ஆம் நம்பர் பஸ் போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் நின்றுபோனது. நகரசபை மானியத்தை நிறுத்தியதாம். எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குடியிருப்பு. அன்றிலிருந்து நாற்பது நிமிஷம் நடக்கிறார்கள். ஐயா கடிதம் எழுதிப் பார்த்தார், ஆள் பிடித்துப் பார்த்தார். இப்போது தானே உள்ளே போய்க் கேட்கிறேன் என்று நிற்கிறார்.

ஒரு வேன் வாங்கி விட்டால் முடிந்தது என்று நான் நேரடியாகச் சொன்னேன். ‘வேன் மில்லுக்கு மட்டும்தான் வரும் தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஆர் கொண்டுபோய் விடுறது?’ என்றார். பதில் சரிதான். ஆனால் நான் இந்த ஆலையின் எஞ்சினியர்; இந்தத் தேர்தலால் என்னுடைய மூன்றாம் நம்பர் மெஷினின் சோதனை ஓட்டம் மார்ச்சுக்குத் தள்ளிப்போய்விட்டது. அது சரியில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

3 மணி 40 நிமிடம். வீடு வீடாகப் போதல். துண்டறிக்கை 60.

இவ்வளவு நேரத்தில் பதினொரு வீடு. வார்டில் வீடுகள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரும் ஆண்டு செப்டம்பரில் முடிப்போம். தேர்தல் மார்ச் 7.

காரணம் ஐயா. கதவு திறந்ததும் வோட்டுக் கேட்க வேண்டும். அவருக்கு வாய் வரவில்லை. எதிரே நிற்பவர் போட்டிருக்கும் ஸ்வெட்டரைப் பார்க்கிறார். அனுமதி கேட்டுவிட்டு மணிக்கட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். எங்கே வாங்கியது, எத்தனை தடவை துவைத்தது, ஏன் வெந்நீரில் போட்டீர்கள் என்று விசாரிக்கிறார். ஒரு வீட்டில் காலர் பொத்தானைத் தைத்துத் தருவதாகச் சொல்லிச் சட்டையையே வாங்கி வந்துவிட்டார். பின்னால் நின்ற ஆரணி, ‘அப்பா, நீங்க கவுன்சிலருக்கு நிக்கிறீங்க, டெய்லருக்கு இல்லை’ என்றார்.

திரும்பும் வழியில் ஓக் கோர்ட் என்ற மூன்று மாடிக் கட்டடம். அதைத் தாண்டும்போது ஐயா எதிர்ப் பக்க நடைபாதைக்கு மாறினார். அங்கே ஏன் போகவில்லை என்று கேட்டேன். இன்னொரு நாள் என்றார். பனி எதிர்ப் பக்கத்தில்தான் அதிகம் இருந்தது.

பிப்ரவரி 3, சனி

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை.

திருப்பூரில் நான்கு வருஷம் வேலை செய்தேன். தேர்தல் வந்தால் எங்கள் கம்பெனிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எல்லாக் கட்சிக்கும் பனியன், தொப்பி, துண்டு. காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால்தான் பெயர் வீட்டுக்குள் போகும். இங்கே கையில் காகிதத்தைக் கொடுக்கிறார்கள். அது நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. நானே பார்த்தேன்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று. ஸ்டோரில் பள்ளி ஆர்டரில் மிஞ்சிய கரும்பச்சை நூல் சும்மா கிடக்கிறது. கம்பளித் தொப்பி. நெற்றிப் பட்டையில் NATHAN என்று வெள்ளையில். மூன்றாம் நம்பர் மெஷினில் பின்னினால் அதற்கும் சோதனை ஓட்டம் ஆச்சு.

யாரிடமும் சொல்லவில்லை. செய்து காட்டுவதுதான் என் வழக்கம்.

பிப்ரவரி 8, வியாழன்

ஒரு தொப்பிக்கு 11 நிமிடம் 20 நொடி. உச்சியை மூடுவதற்கு மட்டும் மெஷினில் வழியில்லை. மேலே திறந்து நிற்கும் நூல் வளையங்களில், அதாவது கண்ணிகளில், நூலை ஓட்டி, சுருக்குப் பை மாதிரி இழுத்து முடிந்துவிட்டேன். வேகமான வழி. பார்வைக்குக் கொஞ்சம் மொத்தையாக இருக்கிறது. தலைக்கு மேல் யார் பார்க்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 10, சனி

5 மணி நேரம். பொருள்: தொப்பி 120.

இன்று நான் தனியாக 120 கதவு தட்டினேன். ஓக் கோர்ட்டும் சேர்த்து. ஐயா பதினொரு வீடு போன நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவர் கதவிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற மறுத்தார். வீட்டு எண்ணை எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாமல் கொடுப்பது வேலையல்ல.

ஓக் கோர்ட்டில் ஒரு கதவைத் திறந்தது தமிழ் அம்மா. அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வயது இருக்கும். வலது முழங்காலில் பட்டை. தொப்பியை வாங்கினார், பெயரைப் பார்த்தார், என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டார். நன்றிகூட இல்லை.

திரும்பி நடந்து வரும்போது குளிரே தெரியவில்லை. ஐயாவிடம் திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆரணி ஃபோன் செய்தார். தொப்பி என்ன நிறம் என்று கேட்டார். கரும்பச்சை என்றேன். நாளைக் காலை ஏழு மணிக்கு ஆலைக்கு வரச் சொன்னார்.

பிப்ரவரி 12, திங்கள்

இந்த நாட்டில் வேட்பாளர் வாக்காளருக்கு ஒரு பொருளும் கொடுக்கக் கூடாதாம். கொடுத்தால் லஞ்சம். ஜெயித்தாலும் செல்லாது என்று ஆக்கிவிடலாம், மறுபடி நிற்க முடியாமல் செய்துவிடலாம், போலீஸும் வரலாம். ஆரணி சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான் படித்தேன். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது.

இது தொப்பிதானே, மிஞ்சிப்போன நூல், வீசவேண்டியது என்றேன். எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

‘அர்த்தநாரி, நீங்க இதை ஆரிட்டக் கேட்டுச் செய்தனீங்க?’

யாரிடமும் கேட்கவில்லை என்றேன்.

‘நான் அப்பான்ர முகவர். நீங்க செய்தால் நான் செய்தது. நான் செய்தால் அப்பா செய்தது. விளங்குதா?’

விளங்கியது. அவர் கோபத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐயா இவ்வளவு நேரமும் மாதிரிக்குப் பின்னிய ஒரு தொப்பியைக் கையில் வைத்து உள்ளும் புறமும் திருப்பிக்கொண்டிருந்தார். உச்சியை விரலால் தடவினார். முகம் கொஞ்சம் சுளித்தது. சட்டத்துக்காகச் சுளித்தாரா, என் முடிச்சுக்காகவா என்று தெரியவில்லை. கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

‘குடுத்த கையால திருப்பி வாங்குவம். எல்லாத்தையும். நானும் வாறன்.’

ஆரணி இன்றே தேர்தல் அலுவலருக்கு நடந்ததை எழுதுகிறார். கொடுத்தது 120, முழுவதும் திரும்பப் பெறுகிறோம் என்று. கடிதத்தில் என் பெயர் இல்லை. போடுங்கள் என்றேன். தேவையில்லை என்றார் ஐயா. இது எனக்குப் பிடிக்கவில்லை. பிழை செய்தவன் பெயர் எழுதுவதுதான் முறை.

பிப்ரவரி 14, புதன்

2 மணி 30 நிமிடம். தொப்பி திரும்ப வாங்குதல். வந்தது 19.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதைப் போல அசிங்கம் உலகத்தில் இல்லை. முதல் கதவில் எனக்கு வார்த்தையே வரவில்லை. ஐயாவுக்கு வந்தது. ஆச்சரியம் அதுதான். வோட்டுக் கேட்க வராத வாய் தொப்பி கேட்க வந்தது. என்னுடைய ஆலைப் பையன் தெரியாமல் கொடுத்துவிட்டான், சட்டப்படி தவறு, தயவுசெய்து திருப்பித் தாருங்கள் என்று நேராகச் சொன்னார்.

ஜனங்கள் முதலில் முழிக்கிறார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு உள்ளே வரச் சொல்கிறார்கள். தொப்பியைத் தேடி எடுக்கும் நேரத்தில் டீ வருகிறது. டீயை ஐயா குடிக்கலாமா என்று ஆரணியிடம் ஃபோனில் கேட்டேன். வாக்காளர் வேட்பாளருக்குக் கொடுக்கலாமாம். அந்தப் பக்கம் தடையில்லை.

பிப்ரவரி 17, சனி

6 மணி 15 நிமிடம். இதுவரை 71.

எழுபத்தொரு வீட்டில் ஐம்பதில் பஸ் பேச்சு வந்தது. நாங்கள் எடுக்கவில்லை, அவர்களே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி, பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு ஓட்டம், பனியில் விழுந்து உடைந்த மணிக்கட்டு. ஐயா பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதினேன். யார், எங்கே போக, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு. இப்போது அட்டவணை ஒன்று கையில் இருக்கிறது. நகரசபையில் இருப்பவர்களிடம்கூட இந்தத் தகவல் இருக்காது.

கழற்ற மறுத்த கிழவர் இன்றும் கழற்ற மறுத்தார். முப்பத்தைந்து வருஷமாக இங்கே இருக்கிறாராம். வாக்குறுதியைத்தான் எல்லோரும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், தொப்பியை எடுத்துக்கொள்ள வந்தவன் நீதான் முதல் ஆள் என்றார். அரை மணி நேரம் கழித்துக் கொடுத்தார். அவர் மண்டை சிவந்திருந்தது. நூல் உறுத்துகிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஆரணி இன்று மதியம் எங்களோடு வந்தார். குடை ஒன்றுதான் இருந்தது. என் அட்டவணையைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அட்டவணையில் ஒரு பிழை இருந்தது, அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து திருத்தினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஓக் கோர்ட். ஐயா கீழேயே நின்றுகொண்டார், படி ஏற முடியவில்லை என்றார். நேற்று இதைவிட உயரமான கட்டடத்தில் ஏறினார்.

அந்தத் தமிழ் அம்மா கதவைத் திறந்தார். தொப்பியை எடுத்து வந்தார். ஆனால் அது என் தொப்பி இல்லை. உச்சியில் நான் போட்ட சுருக்கைப் பிரித்து எறிந்துவிட்டு, கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடியிருந்தார். எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்றே தெரியவில்லை. இணைப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

‘இதை ஆர் முடிஞ்சது தம்பி?’

நான்தான், ஆலை எஞ்சினியர் என்றேன்.

‘நீர் எஞ்சினியரோ? வெங்காயச் சாக்குக் கட்டுறவன் எண்டெல்லோ நினைச்சன்.’

பெயர் இராசமலர். எங்கள் ஆலையில் பத்தொன்பது வருஷம் இணைப்புப் பிரிவில் இருந்தவர். ஆலையில் இன்றைக்கும் ஒரு காலர் நன்றாக வந்தால் மலரக்கா கை மாதிரி என்பார்கள். அந்த மலரக்கா இவர்தான். ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினார்.

பஸ் நின்ற பிறகு இந்தக் காலோடு நடந்து வந்தாராம். ஒரு வாரத்தில் மூன்று நாள் பிந்திவிட்டது. மூன்றாம் நாள் எல்லோருக்கும் முன்னால் ஐயா, நேரத்துக்கு வர ஏலாதெண்டால் வீட்டை நில்லுங்கோ என்று சொன்னாராம். ‘நிண்டிட்டன்’ என்றார். அவ்வளவுதான். குரலில் ஒன்றும் இல்லை.

பிந்தினால் பிந்தியதுதானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டது இரண்டு நாளில் இது இரண்டாம் முறை.

தொப்பியைக் கேட்டேன். தரமாட்டாராம். நூல் உங்களது, உச்சி என்னுடையது, வேண்டுமானால் கொடுத்தவனை வரச் சொல் என்றார். கொடுத்தவன் நான்தான் என்றேன். ‘தொப்பியில உம்மட பேரோ கிடக்கு?’ என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்.

கீழே இறங்கினேன். எல்லாம் வந்ததா என்று ஐயா கேட்டார். மேல் மாடியில் ஒன்று பாக்கி, ஆள் இல்லை என்றேன்.

பிப்ரவரி 21, புதன்

119. ஒன்றுதான் பாக்கி. ஆரணி பெட்டியை மூடி முத்திரை வைக்க வெள்ளிக்கிழமை வருகிறார்.

பிப்ரவரி 22, வியாழன்

11 நிமிடம் 20 நொடி. பிறகு உச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம். கண்ணிக்குக் கண்ணி கோத்துப் பார்த்தேன். நான்கு தடவை பிரித்தேன். ஐந்தாம் தடவை ஏறக்குறைய வந்தது.

120.

இதில் பொய் என்று எதுவும் இல்லை. அதே நூல், அதே மெஷின், அதே அளவு. பெட்டிக்குள் 120 இருக்க வேண்டும், 120 இருக்கிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

ஆரணி எண்ணினார். சரியாக இருந்தது. உங்களைத் திட்டியதற்கு வருத்தம் என்றார், கடைசி வரைக்கும் விடாமல் அலைந்தீர்கள் என்றார். பெட்டியை இறக்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன். அங்கே கொஞ்ச நேரம் நூல் கோன்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

மார்ச் 2, சனி

4 மணி நேரம். வீடு வீடாகப் போதல். இப்போது நாங்கள் போகும் முன்பே கதவு திறக்கிறது. தொப்பிக்காரர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். ஐயா இன்று முதல் முறையாக ஒருவரிடம் நேரடியாக வோட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் ஸ்வெட்டரையும் பார்த்தார். வேகம் மணிக்கு ஏழு வீடு. பரவாயில்லை.

மார்ச் 7, வியாழன்

வாக்குப்பதிவு. காலை ஏழு மணியிலிருந்து பள்ளிக்கூட வாசலில் நின்றேன். மழை.

பதினொரு மணிக்கு இராசமலர் அக்கா வந்தார். ஓக் கோர்ட்டிலிருந்து தெரு முழுக்க நடந்து. பத்து எட்டுக்கு ஒருமுறை வேலியைப் பிடித்து நின்றார். தலையில் அந்தத் தொப்பி. வாசலில் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள், நெற்றியில் NATHAN என்று இருந்தால் முடிந்தது.

ஆனால் தொப்பியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தார். பெயர் தெரியவில்லை, வெள்ளை நூல் கொஞ்சம் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கியது. ஏன் அப்படிப் போட்டார் என்று தெரியவில்லை. அப்படிப் போட்டால் உள்ளே காற்றுப் போகும், குளிருக்கு உதவாது.

என்னைத் தாண்டும்போது நின்றார். ‘உம்மட ஐயாவுக்குப் போடமாட்டன் எண்டு சொல்லும்’ என்றார். அதற்காக அவ்வளவு தூரம் நடந்து வர வேண்டுமா? திரும்பிப் போகும்போது ஆரணியின் காரில் கொண்டுபோய் விடலாம் என்றேன். வேண்டாம், நடந்து பழகிவிட்டது என்றார்.

மார்ச் 8, வெள்ளி

வாக்கு எண்ணிக்கை காலையில். ஐயா 812. அடுத்தவர் 786.

ஐயாவுக்கு மேடையில் பேச வரவில்லை. நன்றி, பஸ்ஸைப் பற்றித் திங்கட்கிழமை கேட்பேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பதினான்கு நொடி. நான் கேட்டதிலேயே சிறந்த அரசியல் பேச்சு.

ஆலையில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேசரி கிண்டினார்கள். இன்று யார் யாருக்கு என்ன கொடுத்தாலும் குற்றமில்லை என்று ஆரணி சொல்லி என் தட்டில் இரண்டாவது கரண்டி வைத்தார். இனிப்பு அதிகம். முழுவதும் சாப்பிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கூடவே, இதில் உள்ளது எல்லாம் உண்மை என்று வேட்பாளர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. ஆரணி வரைவை அனுப்பியிருக்கிறார். நான்காம் பத்தி: வழங்கப்பட்ட தொப்பிகள் 120, திரும்பப் பெறப்பட்டவை 120, பெட்டியில் முத்திரையிட்டு வைக்கப்பட்டுள்ளன.

வெள்ளிக்கிழமை கையெழுத்து.

அந்தப் பத்தியை ஒன்பது தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை.

மார்ச் 21, வியாழன்

மூன்றாம் நம்பர் மெஷின் நன்றாக ஓடுகிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

ஒன்பது மணிக்கு ஐயாவின் அறை. மேசையில் காகிதம், பக்கத்தில் பெட்டி. கையெழுத்துப் போடும் முன் ஐயா பெட்டியைத் திறக்கச் சொன்னார். எதற்குப் போடுகிறேன் என்று பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார். ஆரணி முத்திரையைக் கிழித்தார்.

அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு தொப்பியாக எடுத்து உச்சியை மட்டும் கட்டைவிரலால் தடவி மறு பக்கம் வைத்தார். நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அறுபதோ எழுபதோ போயிருக்கும். ஒன்றில் விரல் நின்றது.

‘இது பேந்து செய்தது.’

ஆமாங்கய்யா, பிறகு செய்ததுதான் என்றேன். ஒரு தொப்பி வரவே இல்லை, அதற்குப் பதிலாகச் செய்து வைத்தேன் என்றேன். ஆரணியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் பேனாவைக் கீழே வைத்தது கேட்டது.

ஐயா கோபப்படுவார் என்று நின்றேன். அவர் அந்தத் தொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

‘கண்ணிக்குக் கண்ணி கோத்திருக்கிறீர். உமக்கு உது தெரியாதே. ஆரின்ர வேலையைப் பாத்துச் செய்தனீர்?’

நான் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

‘மலரே?’

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைத் திருத்தியதை, கொடுத்தவனை வரச் சொன்னதை, வாக்குப்பதிவு நாளில் திருப்பிப் போட்டு வந்ததை, வோட்டுப் போடமாட்டேன் என்றதை. அப்படித் திருப்பிப் போட்டதைச் சொன்னபோது அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

‘எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாம்’ என்றார் ஆரணி. அவ்வளவுதான் சொன்னார். பிப்ரவரி 12ஐவிட இது மோசமாக இருந்தது.

ஐயா கோட்டை எடுத்தார். கார்ச் சாவியை நான் எடுத்தேன். வேண்டாம், நடப்போம் என்றார். கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டேன். ஆலை வாசலிலிருந்து ஓக் கோர்ட் வரை, நல்ல கால் உள்ள இருவருக்கு, 41 நிமிடம். பாதி வழியில் ஐயா மூச்சு வாங்க நின்றார். ‘இதை ஒருக்கா நடந்து பாத்திருக்க வேணும்’ என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்று படி ஏறினார். மூன்று மாடியும்.

கதவு திறந்தது. நான் பேசலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று விட்டேன்.

‘பிழை விட்டிட்டன், மலர்’ என்றார் ஐயா. ‘அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.’

அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். ‘இதைச் சொல்லக் கவுன்சிலராகி வந்தனீங்களோ? சும்மாவே வந்திருக்கலாமே.’

‘வரப் பயமாக் கிடந்தது.’

அதற்கு அவர் சிரித்தார். முதலில் வாய்க்குள், பிறகு வெளியே. உள்ளே வாங்கோ என்றார். டீ வந்தது. தொப்பியும் வந்தது, ஆனால் கையில் கொடுக்கவில்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஐயா கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைப் பற்றி நான் விளக்கினேன். சட்டத்தின் எண்ணையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஐயாவிடம் திரும்பினார்.

‘பஸ் வரட்டும். வந்த அண்டைக்கு ஏறி, மில் வாசல்ல இறங்கி, உங்கட கையில நானே தாறன். அதுவரைக்கும் இது இஞ்ச கிடக்கட்டும். அப்பத்தான் உங்களுக்கு நினைப்பிருக்கும்.’

இது சட்டப்படி சரியா என்று ஆரணிக்கு ஃபோன் செய்தேன். மறுமுனையில் சிரிக்கும் சத்தம் கேட்டது. அர்த்தநாரி, உள்ளதை உள்ளபடி எழுதுவோம், நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

எழுதினேன். நான்காம் பத்தி இப்போது இப்படி இருக்கிறது: வழங்கப்பட்ட தொப்பிகள் 120. திரும்பப் பெறப்பட்டவை 119. எண்ணிக்கையைச் சரிக்கட்ட என்னால் பின்னப்பட்டது 1, அது கணக்கில் சேராது. மீதி ஒன்று வாக்காளர் திருமதி இராசமலரிடம் உள்ளது. இந்தத் தொப்பிக்காகத் தாம் வாக்களிக்கவில்லை என்று அவர் தெரிவிக்கிறார். 47ஆம் நம்பர் பஸ் மீண்டும் ஓடும் நாளில் ஒப்படைப்பார்.

இந்த முறை என் பெயரும் கீழே இருக்கிறது. ஐயா கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 4, வியாழன்

தேர்தல் அலுவலர் காகிதத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வேறு கேள்வி இல்லை. வெற்றியை எதிர்த்து மனுப் போட மற்றவர்களுக்கு இருந்த நாட்களும் முடிந்தன. யாரும் போடவில்லை.

என் அட்டவணையை நகரசபையின் போக்குவரத்துக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஐயா அங்கே மூன்று தடவை பேசிவிட்டார். ஒரு தடவை குழுத் தலைவரின் கார்டிகனைத் திருப்பிப் பார்த்தாராம். ஜூனில் முடிவு சொல்வார்களாம். ஒரு பஸ்ஸை ஓட்ட மூன்று மாதம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

தேர்தல் முடிந்தது, நோட்டைக் கொடுங்கள் என்று ஆரணி கேட்டார். தேவைப்படும் பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். முழு நோட்டும் வேண்டுமென்றார். நேரக் கணக்கில் எனக்குச் சொந்தமான குறிப்புகளும் கலந்துவிட்டன என்றேன். அது தெரியும், அதனால்தான் கேட்கிறேன் என்றார். சனிக்கிழமை சாப்பிடப் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு ஆலை ஃபோன் அடித்தது. போன இரண்டு வாரமாக வேலை நாள் எல்லாம் எட்டு மணிக்கு அடிக்கிறது. ஐயாவே எடுக்கிறார், வேறு யாரையும் எடுக்க விடுவதில்லை. மெஷின் சத்தத்தில் மறு பக்கம் கேட்காது. ஐயா சொல்வது மட்டும் கேட்கும்.

‘இன்னும் வரேல்லை, மலர். ஓம். ஓம், தெரியும். நாளைக்கும் எடுங்கோ.’